பங்கரும் கிணறும்: யுத்தகால யாழ்ப்பாணத்தில் ஒரு சுகாதாரப் பரிசோதகரின் பணி

இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலைக்குச் சேருபவர் கையில் எடுக்கும் பழைய சட்டங்களில் ஒன்று, 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம். தேங்கிய நீரையோ நாற்றமெடுக்கும் கழிவையோ மூடாத குழியையோ கண்டால் வீட்டுக்காரருக்கு அறிவித்தல் கொடுத்துத் தவணை விடலாம். அதற்குள் திருத்தாவிட்டால் வழக்குத் தொடரலாம். 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்ட பின்னர், வழக்கைக் கொண்டுபோக யாழ்ப்பாணத்தில் அரச நீதிமன்றம் இயங்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், சட்டம் தொல்லை என்று சொல்லுகிற குழியே மக்களின் உயிரைக் காத்து நின்றது என்பதுதான்.

வீட்டுக்கு வீடு பங்கர் இருந்தது. ஆளளவு குழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டிருப்பார்கள். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் வாசல் வழியாக மழைநீர் இறங்கும். கரையோரப் பகுதிகளில் நிலத்தடி நீரும் அடியிலிருந்து ஊறும். அந்த நீரை வெள்ளைக் கோப்பையில் மொண்டு வெயிலில் பிடித்தால் நுளம்புக் குடம்பிகள் தெரியும். நீர் மட்டத்தோடு படுத்தபடி மிதப்பது மலேரியா பரப்பும் இனத்தின் குடம்பி. தலை கீழாகச் சாய்ந்து தொங்குவது மற்ற இனங்களுடையது. முதல் வகையைக் கண்டால் சும்மா திரும்பிவர முடியாது. ஆனால் குழியை மூடச் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. "மூடச் சொல்லுறியளோ தம்பி? ஷெல் வந்தா பிள்ளையள் எங்கை போறது?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஆகவே அறிவித்தல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, செய்யக்கூடியதைச் சொல்லத் தொடங்கினோம். வாசலைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு மண் அணை கட்டுங்கள், மூலையில் சிறு பள்ளம் தோண்டி ஊறும் நீரை அதில் சேரவிட்டு நாளாந்தம் வாளியால் இறைத்து ஊற்றுங்கள், மழை நேரத்தில் கிடுகால் மூடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னோம். தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் தெளிப்பது பழைய முறை. அரசு விதித்த பொருளாதாரத் தடையால் விளக்கெரிக்கவே மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில், அதைக் குழியில் ஊற்றச் சொல்வது அநியாயம் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

கிணறுகளின் கதை இன்னும் கடினமானது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீரில்தான். அந்தக் கல்லின் வெடிப்புகளூடாக மலசலகூடக் குழியின் அழுக்கு விரைவாகவே கிணற்றுக்குப் போய்ச் சேரும். நெருக்கமான காணிகளில் இரண்டுக்கும் இடையே போதிய தூரம் விட இடமில்லை. தடைப் பட்டியலில் சீமெந்தும் இருந்ததால் உடைந்த குழியைத் திருத்தவும் வழியில்லை. எஞ்சியது, கிருமியைக் கொல்லக் கிணற்று நீரில் போடும் வெளிற்றும் தூள். நல்ல தூளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். நாட்பட்டால் அது கழன்றுவிடும். தாமதித்து வந்த பொதியைத் திறந்து மூக்கை உறுத்தும் நெடி வராவிட்டால், கணக்குப்படி போடும் அளவை நம்ப முடியாது. அப்போதெல்லாம் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. விறகுக்கு அலைந்த பெண்களிடம் அதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

பேக்கரி, இறைச்சிக்கடைப் பரிசோதனைகளும் நடந்தன. விற்க அதிகம் இல்லாத கடைகளில் பார்க்கவும் அதிகம் இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியின் மக்கள் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, நாவற்குழிப் பாலம் வழியாகக் குடாநாட்டின் கிழக்கே உள்ள தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, அதுவரை வீடு வீடாகப் பார்த்த வேலை முழுவதும் பாடசாலை வளவுகளுக்குள் வந்து குவிந்தது. ஒரு குடும்பத்துக்கோ ஒரு பள்ளிக்கூடத்துக்கோ என்று வெட்டிய கிணற்றில் பல நூறு பேர் அள்ளினார்கள். அங்கே நான் முதலில் கேட்டது மருந்தை அல்ல, கிணற்றடியில் நிற்க ஓர் ஆளை. அவரவர் வாளியைக் கிணற்றில் விடாமல் ஒரே வாளியால் அள்ளி ஊற்றிக் கொடுக்க வேண்டும். குளிப்பும் துணி துவைப்பும் கட்டுக்கு வெளியே, நீர் திரும்பி உள்ளே வழியாத பக்கத்தில் நடக்க வேண்டும். குழி மலசலகூடங்களைக் கிணற்றிலிருந்து வளவின் எதிர் மூலையில் கிடுகு மறைப்போடு வெட்டினோம். முகாமில் இருந்த ஆசிரியர்களும் இளைஞர்களும் கிணற்றடிக் காவலை முறைவைத்துப் பார்த்தார்கள். அந்த முறை நிலைத்த வளவுகளில், வெளிற்றும் தூள் வராத நாட்களிலும், என்னால் ஓரளவு நம்பிக்கையோடு அடுத்த முகாமுக்குச் சைக்கிளை மிதிக்க முடிந்தது.