சிகேஏ படிக்கிறவங்களுக்கு: கன்டெய்னர் கனெக்ஷன ஹோஸ்ட்ல தேடி ரெண்டு நாள் போன கதை

நான் காவேரிப்பட்டணம், சிகேஏ, அதாவது குபர்னெட்டீஸ் (நெறைய மெஷின்ல கன்டெய்னருங்கள ஓட்டி பாத்துக்குற சாஃப்ட்வேர்) அட்மினிஸ்ட்ரேட்டர் பரீட்சை, பாஸ் பண்ணிட்டேன், ஓசூர் பெங்களூர் பக்கம் வேலை தேடுற நம்ம கிருஷ்ணகிரி தருமபுரி பசங்க எப்படி படிச்சன்னு கேட்டுட்டே இருக்காங்க. மொத்தத்தையும் எழுத முடியாது, என்ன ரொம்ப ஆட்டி வெச்ச ஒரே ஒரு விஷயத்த மட்டும் முழுசா சொல்றேன், ஏன்னா அது புரிஞ்ச பிறகுதான் நெட்வொர்க்கிங் பாடமே எனக்கு புரிஞ்சுது.

வீட்டுல எட்டு ஜிபி ராம் லேப்டாப், அதுல உபுண்டு. டாக்கர் கம்போஸ்ல ஒரு சின்ன ஆப், ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், ரெண்டே கன்டெய்னர் (ஒவ்வொண்ணையும் தனியா பிரிச்சு ஓட்டுற பெட்டி மாதிரி). கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் லாக்ல "ரிமெய்னிங் கனெக்ஷன் ஸ்லாட்ஸ் ஆர் ரிசர்வ்டு"ன்னு வந்து நின்னுடும். சரி எத்தன கனெக்ஷன் இருக்குன்னு பாப்போம்னு ஹோஸ்ட்ல, அதாவது லேப்டாப்லயே, எஸ்எஸ் ஹைஃபன் டிஎன் (ss -tn, இருக்குற கனெக்ஷன பட்டியல் போடுற கமாண்ட்) அடிச்சேன். போஸ்ட்கிரஸோட போர்ட் 5432க்கு ஒரு வரி கூட இல்ல. நெட்ஸ்டாட்லயும் அதே கததான். லிசன்ல இருக்குறத பாத்தா மட்டும் ஆப்புக்கு பப்ளிஷ் பண்ண போர்ட் தெரியுது, அது டாக்கர் ப்ராக்ஸி ஹோஸ்ட்ல உக்காந்துட்டு இருக்குறது. கனெக்ஷனே இல்லாம எப்படி டேட்டாபேஸ் நிரம்பும்னு ரெண்டு நாள் ஆப் கோட தேடிட்டு இருந்தேன்.

கடைசியா எங்க சீனியர் அண்ணாவுக்கு போன் போட்டேன். கனெக்ஷன் ஒண்ணுமே இல்லண்ணான்னு சொன்னதும் அவரு கேட்டது, "நீ எந்த நேம்ஸ்பேஸ்ல நின்னு பாத்தப்பா?"

விஷயம் இவ்ளோதான். கன்டெய்னருக்குன்னு கர்னல் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் குடுத்துடுது, அதுக்குள்ள தனி இன்டர்ஃபேஸ், தனி ரூட், தனி சாக்கெட் (கனெக்ஷனோட முனை) பட்டியல். எஸ்எஸ் எந்த நேம்ஸ்பேஸ்ல ஓடுதோ அதோட பட்டியல மட்டும்தான் காட்டும். கன்டெய்னர்ல இருந்து கிளம்புற பாக்கெட் வீத் ஜோடி (ரெண்டு நேம்ஸ்பேஸ இணைக்கிற கேபிள் மாதிரி) வழியா ஹோஸ்ட்ல ஸ்விட்ச் மாதிரி இருக்குற பிரிட்ஜுக்கு வந்து போகுது, ஹோஸ்ட் அத கடத்தி விடுதே தவிர அந்த சாக்கெட்டுக்கு சொந்தக்காரன் ஹோஸ்ட் கெடையாது. நெட்வொர்க் ஹோஸ்ட்னு குடுத்து ஏத்துன கன்டெய்னர்னா மட்டும் ஹோஸ்ட் பட்டியல்லயே வந்துடும்.

அப்ப உள்ள போய் பாக்கணும். டாக்கர் எக்ஸெக் போட்டு போனேன், என் இமேஜ் ஸ்லிம் இமேஜ், உள்ள எஸ்எஸும் இல்ல நெட்ஸ்டாட்டும் இல்ல. இங்கதான் என்எஸ்என்டர் (nsenter) கை குடுத்துச்சு, இன்னொரு ப்ராசஸோட நேம்ஸ்பேஸுக்குள்ள போய் கமாண்ட் ஓட்ட விடுறது அது. டாக்கர் இன்ஸ்பெக்ட் அடிச்சா வர்ற நீள ஜேசன்ல ஸ்டேட்ங்கிற பகுதிக்குள்ள பிஐடின்னு ஒரு நம்பர் இருக்கும், ஹோஸ்ட் பார்வையில அந்த கன்டெய்னரோட மெயின் ப்ராசஸ் நம்பர் அது. சூடோ போட்டு என்எஸ்என்டர், ஹைஃபன் டி அந்த நம்பர், ஹைஃபன் என், அதுக்கு பின்னாடியே எஸ்எஸ் ஹைஃபன் டிஎன்பி. ஹைஃபன் என் மட்டும் குடுத்தா நெட்வொர்க் மட்டும்தான் மாறும், ஃபைல் சிஸ்டம் ஹோஸ்டோடதாவே இருக்கும், அதனால ஹோஸ்ட்ல இருக்குற எஸ்எஸ் பைனரியே கன்டெய்னர் நெட்வொர்க்குக்குள்ள ஓடும். இந்த ஒரு வரி புரிஞ்சப்ப எனக்கு வந்த சந்தோஷம் பாஸ் ரிசல்ட் பாத்தப்ப கூட வரல.

டெஸ்டினேஷன் போர்ட் 5432ன்னு வடிகட்டி வரிய எண்ணுனேன், 98 வந்துச்சு, தலைப்பு வரி ஒண்ணு போக 97. போஸ்ட்கிரஸ்ல டீஃபால்ட்டா 100 கனெக்ஷன், அதுல 3 சூப்பர்யூசருக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கும், மிச்சம் அத்தனையும் என் ஆப்பே புடிச்சு வெச்சிருந்துச்சு. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புது கனெக்ஷன் தொறந்து மூடாம விட்டிருந்தேன். ரெண்டு நாள் தேடுனது ரெண்டு நிமிஷத்துல கெடச்சுது.

ஐபி நெட்என்எஸ் லிஸ்ட் அடிச்சா டாக்கரோடது ஒண்ணுமே வராது, நேம்ஸ்பேஸே இல்லன்னு நெனச்சுடாதீங்க, அந்த கமாண்ட் வார் ரன் நெட்என்எஸ் ஃபோல்டர மட்டும்தான் பாக்கும், டாக்கர் அங்க பேரு எழுதி வெக்கிறதில்ல. எல்எஸ்என்எஸ்ல டைப் நெட்னு குடுத்தா எல்லாம் வரும். கன்டெய்னர் வெளிய எங்க பேசுதுன்னு மேலோட்டமா தெரிஞ்சா போதும்னா ஹோஸ்ட்லயே கான்ட்ராக் ஹைஃபன் எல், நேட் ஆகி (அட்ரஸ் மாத்தி) போறதெல்லாம் அதுல பதிவாயிருக்கும்.

பரீட்சைக்கு வருவோம். என்ன கேள்வி வந்துச்சுன்னு சொல்லக்கூடாது, ஒத்துக்கிட்டுதான் எழுதுறோம், அதனால கேக்காதீங்க. 2 மணி நேரம், 66 சதவீதம் எடுக்கணும், குபர்னெட்டீஸ் டாக்குமென்டேஷன் தொறந்து வெச்சுக்கலாம். பாடத்திட்டத்துல ட்ரபிள்ஷூட்டிங்குக்கு மட்டும் 30 சதவீதம், சர்வீஸ் நெட்வொர்க்கிங்குக்கு 20, பாதி அங்கயே இருக்கு, அதனால கமாண்ட மனப்பாடம் பண்றத விட பாக்கெட் எந்த நேம்ஸ்பேஸ்ல இருந்து எங்க போகுதுன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு பழகுங்க, நான் தெனமும் வரைவேன். குபர்னெட்டீஸ்ல 1.24ல இருந்து டாக்கர்ஷிம் (டாக்கரோட பேச வெச்சிருந்த இணைப்பு) எடுத்துட்டாங்க, நோடுக்குள்ள (க்ளஸ்டர்ல இருக்குற ஒரு மெஷின்) போனா க்ரிக்டிஎல் (crictl) இன்ஸ்பெக்ட்லதான் பிஐடி எடுக்கணும். ஒரு பாடுக்குள்ள (pod, சேந்து ஓடுற கன்டெய்னர் கூட்டம்) இருக்குற கன்டெய்னருங்க எல்லாம் ஒரே நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், அத புடிச்சு வெச்சிருக்கறது பாஸ் (pause) கன்டெய்னர், அதனால எதோட பிஐடி எடுத்தாலும் ஒண்ணுதான்.

நான் எழுதுனது மாங்கா சீசன்ல, ரூம் பூரா பெங்களூரா மாங்கா கூடைங்க. டேபிள், ரூம் ரெண்டும் காலியா இருக்கணும்னு கேமராவுல சுத்தி காட்ட சொல்லுவாங்க, அதனால மொத நாள் ராத்திரியே அப்பாவும் நானும் எல்லாத்தையும் திண்ணைக்கு தூக்கி வெச்சோம். கரண்ட் போனா லேப்டாப் ஓடும், ரூட்டர் ஓடாது, அதுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிடுங்க.

ஒரு எடத்துல மட்டும் ஏமாந்துடாதீங்க. என்எஸ்என்டர் ஹைஃபன் என்ல போய் சர்வீஸ் பேர கூப்பிட்டு பாத்தா கெடைக்காது, ஏன்னா பேர ஐபியா மாத்த எங்க கேக்கணும்னு சொல்ற ரிசால்வ் காண்ஃப் ஃபைல் ஹோஸ்டோடது, டிஎன்எஸ் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு நான் ஒரு மாக் டெஸ்டுல பதினஞ்சு நிமிஷம் விட்டேன். அங்க ஐபி போட்டு டெஸ்ட் பண்ணுங்க, பேர டெஸ்ட் பண்ணணும்னா பாடுக்குள்ளயே போங்க. அப்புறம் கன்டெய்னர் ரீஸ்டார்ட் ஆனா பிஐடி மாறிடும், நேத்து எழுதி வெச்ச நம்பர போடாம ஒவ்வொரு தடவையும் புதுசா எடுங்க.