வெங்காய வேரும் ஒரு சாக்கு நாணலும்

அக்டோபர் 14, 2024, திங்கள்

மூன்று ரெக்கார்ட் நோட் பாக்கி. வியாழக்கிழமை உயிர்வேதியியல் இன்டர்னல். இதற்கு நடுவில், வேர் நுனியில் குரோமோசோம் எண்ணும் லேப் வேலைக்காக, மெஸ் அக்காவிடம் கெஞ்சி ஆறு வெங்காயம் வாங்கி வந்திருக்கிறேன். காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, டீ கிளாஸ் தண்ணீரில் அடிப்பாகம் மட்டும் நனைகிற மாதிரி ஜன்னலோரம் வைத்தாயிற்று. "சாம்பாருக்கு ஆகற வெங்காயம்" என்று அக்கா கடைசிவரை முணுமுணுத்தார்.

அக்டோபர் 17, வியாழன்

இன்டர்னல் சுமார். வேர் நன்றாக வந்திருக்கிறது.

அக்டோபர் 19, சனி

நேற்றுக் காலை வெட்டி அசிட்டிக் ஆல்கஹாலில் போட்ட வேர்களை இன்று எடுத்தேன். 60 டிகிரி சூட்டில் சில நிமிடம் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அப்புறம் அசிட்டோகார்மைன் என்கிற சிவப்புச் சாயம். நுனியில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் கருஞ்சிவப்பாக நிற்கும். அதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டும். மேலே கவர் ஸ்லிப், அதன்மேல் மடித்த வடிதாள், கட்டைவிரலால் நேராக ஒரு அழுத்து. கொஞ்சம் வழுக்கினாலும் போச்சு. நான்கு ஸ்லைடு அப்படித்தான் போச்சு.

ஐந்தாவதில் ஒரு மெட்டாஃபேஸ் கிடைத்தது, அதாவது செல் பிரியும்போது குரோமோசோம்கள் தெளிவாகத் தெரிகிற கட்டம். எண்ணினால் 14. மறுபடி எண்ணினால் 17. வெங்காயத்துக்கு 16 என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். "16ன்னு எழுதிட்டு வாடி, பசிக்குது" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. அவள் எழுதிவிட்டாள். எனக்குக் கை வரவில்லை.

லேப் அட்டெண்டர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பாச்சை உருண்டைத் தண்ணில ஊறப் போடலீங்களா?" என்றார். அவர் சொல்வது பாராடைகுளோரோபென்சீன். வெட்டிய வேரை அதில் ஊறவைத்தால் குரோமோசோம்கள் சுருங்கித் தனித்தனியாக விழும். வாடையும் பீரோவில் போடும் உருண்டை மாதிரியேதான். இதை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா!

அக்டோபர் 23, புதன்

அறைத்தோழியின் கட்டிலுக்கு மேல் கிரிக்கெட் வீரர். என் கட்டிலுக்கு மேல் தாவரவியலாளர் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் படித்து, மிச்சிகன் போய் 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் இவ்வளவு தூரமா என்றுதான் எல்லோரும் வியக்கிறார்கள். வியக்கலாம்தான். ஆனால் எனக்கு அவர் எண்ணினார் என்பதுதான் பெரிய விஷயம். 1934 முதல் 1939 வரை இதே கோவையில், கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் உட்கார்ந்து, நாட்டின் பல பகுதி நாணல்களின் குரோமோசோம்களை எண்ணியிருக்கிறார். நாணலில் அது 40 முதல் 128 வரை போகும். கோவைப் பக்கத்து நாணலுக்கு 64. நான் பதினாறுக்கே திணறுகிறேன்.

கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்து ஒரு கலப்பினம்கூட உண்டாக்கினார். 1939-இல் எடின்பரோவில் மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கி, அங்கிருந்த மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945-இல் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் வெறும் எண்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் கட்டைவிரல்.

அக்டோபர் 30, புதன், கோபி

தீபாவளிக்கு ஊருக்கு வந்தாயிற்று. எங்கள் காட்டில் கோ 86032 என்ற கரும்பு ரகம்தான். பெயருக்கு முன்னால் வரும் 'கோ' கோயம்புத்தூரைக் குறிக்கும் என்று அப்பாவிடம் பெருமையாக ஆரம்பித்தேன். "அது தெரியாமத்தான் இத்தன வருசமா கரும்பு போடறனா?" என்றார்.

சரி, அவருக்குத் தெரியாததைச் சொல்வோம் என்று கோ 205 கதைக்குப் போனேன். 'வெள்ளை' என்ற கரும்போடு கோவை நாணலைச் சேர்த்து 1912-இல் செய்த கலப்பில் வந்தது. 1918-இல் வட இந்திய உழவர்கள் கைக்குப் போனது. இனிப்பு கரும்பின் பங்கு, தாக்குப்பிடிக்கும் தெம்பு நாணலின் பங்கு. இன்றைய ரகங்களிலும் அந்த நாணல் சொந்தம் உண்டு.

"நம்ம வாய்க்காக் கரைல நிக்குதே, அந்த நாணலா?"

"அதேதானுங்கப்பா."

"அதப் புடுங்கிப் புடுங்கியே என்ற கை காச்சுப் போச்சு சாமி" என்றவர், வேறு எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

காலையில் பை கட்டும்போது திண்ணையில் ஈரச் சாக்கு ஒன்று இருந்தது. உள்ளே தூரோடு பெயர்த்த நாணல். அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். "புல்லுக்கா?" என்றேன். "சாக்குக்கு" என்றார்.

நவம்பர் 4, திங்கள்

ஊருக்குப் போகுமுன் பாச்சை உருண்டைத் தண்ணீரில் ஊறவைத்து ஃப்ரிட்ஜில் போட்டுவிட்டுப் போன வேர்கள் இருந்தன. செமினார் முடித்துவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் லேப். இரண்டாவது ஸ்லைடிலேயே நல்ல செல். 16. அதற்குப் பக்கத்துச் செல்லில் 16. அட்டெண்டர் அண்ணனைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, "பதினாறு" என்றார்.

இன்று ஜானகி அம்மாள் பிறந்தநாள். ராத்திரி படுக்கும்போதுதான் நினைவு வந்தது.

நவம்பர் 7, வியாழன்

நாணல் என் குளியல் வாளியில் நிற்கிறது. புது வேர் இன்னும் விடவில்லை. நான்கு நாளாக அறைத்தோழியின் வாளியில்தான் குளிக்கிறேன். இன்று அவள் அதைப் பூட்டி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.