டர்பனில் ஆர்த்தோட்டிஸ்டாகத் தகுதி பெற்ற கதை

பலவீனமான உறுப்புக்குத் தாங்குகருவி செய்பவரே ஆர்த்தோட்டிஸ்ட். தென்னாப்பிரிக்காவில், அந்தத் தாங்குகருவி செய்வதையும் இழந்த உறுப்புக்குச் செயற்கை உறுப்பு செய்வதையும் ஒரே நான்காண்டுப் பட்டப்படிப்பில் கற்பிக்கிறார்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நான் அதில் சேர்ந்தபோது, “டாக்டரும் இல்லை, ஃபிசியோவும் இல்லை, பிறகு என்னதான் வேலை?” என்று டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த என் உறவினர்கள் கேட்டார்கள், கடைசி ஆண்டு வரை அந்தக் கேள்வி ஓயவில்லை.

உடற்கூறியலும், உடலசைவின் விசைகளைப் பற்றிய பயோமெக்கானிக்ஸும் உட்கார்ந்து படித்தால் வசப்பட்டுவிடும். என்னைத் திணறவைத்தது பட்டறைதான். பக்கவாதத்துக்குப் பின் பாதத்தைத் தூக்க முடியாமல் விரல்நுனி தரையில் இழுபடும் ஒருவருக்குக் கணுக்கால் பிரேஸ், அதாவது தாங்குகருவி, செய்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் காலில் மெல்லிய உறையை மாட்டி, கணுக்கால் முட்டுகளையும் எலும்பு துருத்தும் மற்ற இடங்களையும் அழியாப் பென்சிலால் குறித்துக்கொண்டு, கணுக்காலைச் செங்கோணத்தில் பிடித்தபடி மாவுக்கட்டுப் போட வேண்டும். அது இறுகியதும் வெட்டிக் கழற்றி, உள்ளே மாவுக்கரைசலை ஊற்றினால் காலின் அச்சு கிடைக்கும். பென்சில் குறிகளும் அதில் பதிந்திருக்கும்.

அந்த அச்சைத் திருத்துவதில்தான் ஆர்த்தோட்டிஸ்டின் கைத்திறன் தெரியும். எலும்பு துருத்தும் இடத்தில் மாவு கூட்ட வேண்டும். அழுத்தம் தாங்கும் சதைப்பகுதியில் அரத்தால் இழைத்துக் குறைக்க வேண்டும். பிறகு பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் சூடாக்குவோம். பால்வெள்ளையாக இருந்த தகடு மெல்ல மெல்லக் கண்ணாடிபோல் தெளிந்துவரும். அந்த நேரம் பார்த்து எடுத்து அச்சின்மேல் போர்த்தி, வெற்றிடப் பம்பால் காற்றை உறிஞ்ச வேண்டும். முழுதும் ஆறுவதற்குள் அவசரப்பட்டுக் கழற்றினால் வடிவம் கோணிவிடும்.

இப்படி உருவான பிரேஸை நோயாளிக்கு மாட்டிச் சற்று நடக்கவிட்டுக் கழற்றியதும் தோலைப் பார்ப்போம். அரைமணி நேரத்துக்குள் மறையாத சிவப்புத் தடம் இருந்தால், அந்த இடத்தைச் சூடாக்கித் தளர்த்தியாக வேண்டும். இங்கே நோயாளிகளில் பெரும்பாலோர் சூலு பேசுபவர்கள். வலி எங்கே என்று அவர்கள் மொழியில் கேட்கத் தெரியாதவருக்கு இந்தக் கட்டம் பெரும்பாடு.

நம்மவர்களிடம் வேறொரு சிக்கல் உண்டு. பிரேஸின் கோணம் செருப்பின் குதிகால் உயரத்தையும் சேர்த்தே அமைக்கப்படுகிறது. நாமோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறோம். வெறும் பிரேஸோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும், முழங்காலும் பின்னோக்கித் தள்ளப்படும். வெளியே போடாத சுத்தமான ஜோடி ஒன்றை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் பாட்டிமார்கள் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் சாமியறைக்குள் மாட்டார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர் தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு காவடி எடுப்பேன் என்று நிற்கும்போது, பேச்சு இன்னும் நீளும். அப்போது இங்கே கடுங்கோடை, தார்ச்சாலை சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

பட்டம் வாங்கியதும் வேலை தொடங்கிவிட முடியாது. 1974ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி, தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஆண்டுக் கட்டணமும் தொடர்கல்வியும் பணிக்காலம் முழுவதும் உண்டு. தனியார் துறையில் மெடிக்கல் எய்ட் எனப்படும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் ஒப்புதலுக்குக் கடிதம் எழுதுவதிலேயே கணிசமான நேரம் போய்விடும். புதிதாக வருபவர்களை நான் முதலில் அரசு மருத்துவமனைக்கே போகச் சொல்வேன்: வளைபாதத்தோடு பிறந்த குழந்தை, முதுகெலும்பு வளைந்த பள்ளி மாணவி, விபத்தில் அடிபட்ட தொழிலாளி என எல்லா வகை நோயாளிகளையும் பார்த்துக் கை பழகுவது அங்கேதான்.