புதியவரின் சொல்லுக்கும் எடை வேண்டும்
விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழுவுக்கு நடந்த அண்மைத் தேர்தல்களில், தொகுப்பாளராக (பக்கங்களை எழுதித் திருத்துபவராக) வாக்களிக்க 300 தொகுப்புகளாவது, அதாவது திருத்தங்களாவது, செய்திருக்க வேண்டும் என்ற வரம்பு இருந்தது. ஒருவரே பல கணக்குகளைத் தொடங்கி முடிவைத் திருப்பிவிடாதிருக்க இது தேவைதான்; அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால், ஒரு கட்டுரையை நீக்கலாமா என்று தொகுப்பாளர்கள் பேசி முடிவெடுக்கும் உரையாடல்களில் தலைகளை எண்ணாமல் வாதத்தின் வலுவையே பார்க்க வேண்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் நெறியாக இருக்கும்போது, நேற்று வந்தவர் தக்க சான்றோடு முன்வைக்கும் கருத்தை அவருடைய தொகுப்பு எண்ணிக்கையைக் காட்டி ஒதுக்குவது எப்படி நியாயமாகும்? (அந்த எண்ணிக்கையைப் பதக்கம்போல் அணிந்திருப்போரும் உண்டு.) பொதுவாக 7 நாள் நடக்கும் அந்த உரையாடலில், மூத்தவர்கள் விதிகளின் சுருக்கப்பெயர்களை மட்டும் வீசிவிட்டுப் போகாமல், காரணத்தை இரண்டு வரியில் விளக்கிப் புதியவர் பதிலளிக்க அவகாசமும் தரலாம்.