கோட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

நேற்று இரவு ரக்பி பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து கோட்டைத் தொட்டதா இல்லையா என்று நடுவர்கள் வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள். நான் எழுந்து போய் டீ போட்டு வந்துவிட்டேன். இன்னும் முடிவு வரவில்லை.

எனக்கு நியூசிலாந்து ரக்பி வீரர் பாப் டீன்ஸ் ஞாபகம் வந்தார்.

1905 டிசம்பர் 16, கார்டிஃப். நியூசிலாந்து அணி கப்பலேறி பிரிட்டனுக்கு வந்து மாதக்கணக்கில் ஆடிய பயணம். ‘ஆல் பிளாக்ஸ்’ என்ற பெயர் நிலைத்ததே அப்போதுதான். மொத்தம் 35 ஆட்டம், 34 வெற்றி.

தோற்ற ஒன்று, வேல்ஸிடம். 3-0.

நியூசிலாந்துக்காரர்கள் ஹக்கா என்ற மாவோரி ஆட்டத்தை ஆடி முடித்ததும், வேல்ஸ் வீரர்கள் தங்கள் தேசியப் பாட்டை எடுத்தார்கள். அரங்கமே கூடச் சேர்ந்து பாடியது. எனக்கு அந்த ஸ்கோரைவிட இதுதான் பெரிசு.

சரி, டீன்ஸுக்கு வருவோம். இரண்டாம் பாதியில் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிவிட்டேன் என்றார். ரக்பியில் அதுதான் ‘ட்ரை’, அதற்குப் புள்ளி உண்டு. வேல்ஸ் வீரர்கள் அவரைப் பின்னால் இழுத்துவிட்டார்களாம். ஸ்காட்லாந்து நடுவர் ஜான் டல்லாஸ் சாதாரண உடுப்பும் காலணியுமாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் வந்து பார்த்தபோது பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம்.

மறுநாளே லண்டன் பத்திரிகைக்குத் தந்தி அடித்தார் டீன்ஸ்: ஊன்றியது உண்மை என்று.

1908இல் குடல்வால் அழற்சியில் போய்விட்டார். வயது 24. அந்த நியூசிலாந்து அணியின் கேப்டன் டேவ் கல்லாஹர் 1917இல் பெல்ஜியப் போர்க்களத்தில்.

அந்த ட்ரை பற்றிய சண்டை மட்டும் இன்னும் சாகவில்லை.