செம்பனைக்கு அடியில் இருக்கும் தரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ வட்டாரத்தில் மழை வலுக்கும்போது எந்தச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் நீர் தேங்கும், எந்த வாய்க்காலில் வடியும் என்பதை அரை மீட்டர் உயர வேறுபாடே முடிவு செய்துவிடும். கடல் மட்டத்துக்குச் சில மீட்டரே மேலிருக்கும் இந்தச் சமவெளிக்கு, இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர மாதிரிகளை, அதாவது ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் தரும் வரைபடங்களை, பயன்படுத்த நினைப்பவர்கள் அவற்றின் பிழை எத்தனை மீட்டர் என்று கேட்கிறார்கள். ஒரே எண்ணில் அதற்கு விடை சொல்வது தவறான நம்பிக்கையைத் தரும் என்பதே என் உறுதியான கருத்து.

இத்தகைய மாதிரிகளில் ஒன்று ஆஸ்டர். 1999இல் ஏவப்பட்ட டெரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவி, ஒரே நிலத்தை நேர்கீழாகவும் பின்னோக்கிச் சாய்ந்தும் படமெடுக்கிறது. ஓரிடம் இரு படங்களுக்கிடையே எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதிலிருந்து அதன் உயரம் கணிக்கப்படுகிறது. ஒரு படப்புள்ளி தரையில் 15 மீட்டர் அகலம். படமெடுக்கும் இரு நிலைகளின் இடைவெளி, பறக்கும் உயரத்தில் 0.6 பங்கு. ஆகவே இரு படங்களின் பொருத்தம் அரைப் படப்புள்ளி பிசகினாலே உயரம் 12.5 மீட்டர் மாறிவிடும். பல படங்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பதால் இந்தச் சிதறல் குறைகிறது.

ஆனால் அந்தச் சராசரியே செம்பனைத் தோட்டத்தில் வேறொரு சிக்கலை உண்டாக்குகிறது. 2019இல் வெளியான ஆஸ்டர் உயர மாதிரியின் மூன்றாம் பதிப்பு, 2000 முதல் 2013 வரை எடுத்த படங்களால் ஆனது. செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். அதனால் இடையில் மறுநடவான ஒரு பிளாக்கின் உயரத்தில் முதிர்ந்த மரத்தின் தலையும் வெறுந்தரையும் கன்றும் கலந்திருக்கும். கேமராவுக்கு ஓலைக்கு அடியில் உள்ள மண் தெரியாது.

மாதிரியை ஜிபிஎஸ் அளவீட்டோடு ஒப்பிட்டுத் துல்லியத்தைச் சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஜிபிஎஸ் கருவி, பூமியின் வடிவமாகக் கொள்ளப்படும் வழவழப்பான நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரத்தைத் தருகிறது. ஆஸ்டர் மாதிரியோ, சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டிய இஜிஎம்96 என்ற புவிவடிவ மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. இரண்டையும் ஒரே அடிப்படைக்கு மாற்றாமல் கழித்தால், வருவது மாதிரியின் பிழை அன்று. இதைவிட நுட்பமானது, சோதனைப் புள்ளிகளை எங்கே எடுக்கிறோம் என்பது. ஓலை மறைப்பில் ஜிபிஎஸ் தடுமாறுவதால் எல்லாரும் சாலையோரத்திலும் பள்ளித் திடலிலும் கோயில் வளாகத்திலும் அளக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் நல்ல எண் திறந்த வெளிக்கே உரியது. தோட்டத்தின் பெரும்பரப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஆகவே புள்ளிகளை நடவு ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் சராசரிச் சாய்வையும் (மாதிரி பொதுவாக எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்பது) சிதறலையும் தனித்தனியே தர வேண்டும். பிழைகளின் இடைநிலையிலிருந்து (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) ஒவ்வொரு பிழையும் விலகும் அளவுகளுக்கு மீண்டும் இடைநிலை கண்டு 1.4826ஆல் பெருக்கி அதையே சிதறலாகக் கொண்டால், மேகத்தால் நேர்ந்த சில பெரும்பிழைகள் சிதறல் கணக்கைக் கெடுக்காது. மரங்களுக்கு அடியில் உள்ள தரைக்கு நிலத்தில் நின்று உயர வேறுபாட்டை அளக்கும் மட்டக்கருவியின் அளவீடே சிறந்த சான்று. 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர் புள்ளிகளில் ஓலை இடுக்கு வழியே தரையைத் தொட்டவையும் உதவும். வாய்க்கால் வெட்டும் ஆழத்தை மட்டும் ஆஸ்டர் மாதிரியைக் கொண்டு முடிவு செய்யவே கூடாது.