நாலணா அளவுக்குத் தலைகாட்டிய முட்டை

ஃப்ரிட்ஜில் கிடந்த ஒரு முட்டையை நம்பி, ஒரு கிலோ விதைநெல்லுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன்.

மாடித் தொட்டிகளில் இந்த முறை தூயமல்லி என்ற பாரம்பரிய நெல். உப்புக் கரைசலில் விதை பிரிப்பது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்: தண்ணீரில் முட்டையைப் போட்டு, அதன் மேல்பக்கம் நாலணாக் காசு (25 பைசா) அளவுக்கு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைக்க வேண்டும்; பிறகு நெல்லைக் கொட்டினால் சொத்தை மிதக்கும், நல்லது அடியில் தங்கும். போன வாரம் ஐந்து லிட்டர் தண்ணீரில் கால் கிலோ உப்பு கரைந்ததுமே முட்டை நாலணா அளவுக்கு மேலே வந்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நெல்லைக் கொட்டினால் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பதர்தான் மிதந்தது. அரைகுறையாக மணி பிடித்த கருக்காயெல்லாம் நல்ல நெல்லோடு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு லிட்டர் கரைசலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 1035 கிராம்தான். கிட்டத்தட்டக் கடல் தண்ணீர்!

முட்டை பழசாகப் பழசாக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் போய், உள்ளே காற்றறை பெரிதாகும். ஓடு அதே அளவுதான், எடை மட்டும் குறையும், அடர்த்தி இறங்கிவிடும். உப்பை அளக்கிறேன் என்று நான் அளந்ததென்னவோ முட்டையின் வயதைத்தான்.

நெல்லை அலசி, வெயிலில் காயவைத்து, இந்த வாரம் மறுபடி. எதிர்வீட்டு அக்காவிடம் அன்று காலை கோழி இட்ட முட்டையாக வாங்கினேன். அரைக் கிலோ உப்புக்கும் அசையவில்லை. அதற்கப்புறம் ஐம்பது ஐம்பது கிராமாகப் போட்டு, கல் உப்பு முழுக்கக் கரையும்வரை கலக்கி, தண்ணீர் அடங்கக் காத்திருந்து... ஒன்றரை மணி நேரம். 750 கிராமில் நாலணா தெரிந்தது. தராசில் லிட்டருக்கு 1090. (உப்பைப் படியால் அளக்காதீர்கள், கல் உப்பில் பாதி இடைவெளிதான். மளிகைக் கடை பாக்கெட்டும் வேண்டாம்; தீவனக் கடையில் சில்லறையாகக் கிடைக்கிறது.)

நெல்லைப் போட்டதும் கையால் நன்றாகக் கலக்க வேண்டும். உமியில் ஒட்டிய காற்றுக்குமிழ் நல்ல நெல்லையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். கலக்கியபின் 140 கிராம் மிதந்தது. பத்தை எடுத்து நகத்தால் கீறினேன், ஒன்பது கருக்காய்.

அடுத்த முறை முட்டையே வேண்டாம் என்று நினைக்கிறேன். வீட்டில் பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டர் இருக்கிறது, ஆனால் அதன் கோடுகள் 1.040-லேயே (லிட்டருக்கு 1040 கிராம்) முடிந்துவிடும். அதனால் முட்டைக்குப் பதிலாக ஒரு ஸ்ட்ராவின் அடியில் களிமண் அடைத்து, இந்தக் கரைசலில் மிதக்கவிட்டு ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன். களிமண் ஊறிக் கரைகிறது. மெழுகு பூசிப் பார்க்க வேண்டும்.

அடியில் தங்கிய நெல்லை மூன்று தண்ணீரில் அலசி ஊறப்போட்டாயிற்று. முளை நாளை மறுநாள் தெரியும். அக்கா முட்டைக்குக் காசு வாங்கவில்லை. மிதந்ததை உப்புப் போக அலசிக் காயவைத்து அவர் கோழிகளுக்கே கொடுத்துவிட்டேன்.